சீசனின் முதல் பந்தை எந்த நாட்டில் வீசுவது? டோக்கியோ, சியோல், சிட்னி, சான் ஹுவான்: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒவ்வோர் அணியும் ஒரு சீசனுக்கு 162 ஆட்டம் ஆடுகிறது. இன்று தோற்றால் நாளைக்கே இன்னோர் ஆட்டம் இருக்கும். அதனால் பாதி ஆட்டங்கள் யாருடைய நினைவிலும் தங்குவதில்லை. முதல் ஆட்டம் மட்டும் அப்படியல்ல. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போகிற நாள் அது. அதைக் கொண்டுபோய் இன்னொரு நாட்டில் ஆடுவது, புது வீட்டில் காய்ச்ச வேண்டிய பாலை அடுத்த ஊரில் போய்க் காய்ச்சுவது மாதிரிதான்.

இருந்தும் லீக் இதை 1999-க்கும் 2025-க்கும் இடையில் பத்து முறை செய்திருக்கிறது. மெக்சிகோவின் மான்டெர்ரே, அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான், சிட்னி, சியோல் ஆகிய ஊர்களுக்குத் தலா ஒரு முறை. மீதி ஆறும் டோக்கியோவுக்கு. கனடாவில் லீக்கின் சொந்த அணியே இருப்பதால் அது இந்தக் கணக்கில் வராது.

அடுத்த முறை எங்கே போகலாம் என்று முடிவெடுக்கிற நாற்காலியில் நம்மை உட்காரவைத்தால்? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய நட்சத்திரம் ஒருவர் உச்சத்தில் இருக்கும் வரை நாலைந்து ஆண்டுக்கு ஒரு முறை டோக்கியோ. மற்ற ஆண்டுகளில் சான் ஹுவான். சியோலுக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். சிட்னி எனக்கு ரொம்பப் பிடித்த ஊர், ஆனால் மார்ச் மாதத்தில் வேண்டாம்.

பிட்சரின் தோள் என்ன சொல்கிறது

ஊர்களைப் பார்ப்பதற்கு முன் ஒரு விஷயம். எங்கே போனாலும் கொடுக்க வேண்டிய விலை அது.

பிப்ரவரி நடுவில் அரிசோனாவிலும் புளோரிடாவிலும் பயிற்சி முகாம்கள் தொடங்குகின்றன. பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், முதலில் ஓர் இன்னிங்ஸ் (இரு அணிகளும் ஒரு முறை மட்டை பிடிக்கும் சுற்று; ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது), பிறகு இரண்டு, மூன்று என்று வீசும் பந்துகளின் எண்ணிக்கையை வாரா வாரம் ஏற்றிக்கொண்டு வருவார்கள். மார்ச் கடைசியில் முழுத் தகுதிக்கு வருவார்கள். வெளிநாட்டுத் தொடக்கமோ அதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே வந்துவிடுகிறது. 2025-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸும் சிகாகோ கப்ஸும் டோக்கியோவில் மார்ச் 18, 19 தேதிகளில் ஆடின; மற்ற அணிகள் தொடங்கியது மார்ச் 27-இல்.

அதன் விளைவை அந்த முதல் ஆட்டத்திலேயே பார்க்கலாம். கப்ஸின் பிட்சர் ஷோட்டா இமனாகா நான்கு இன்னிங்ஸ் வீசி ஒரு ஹிட்கூட (பந்தை அடித்து ஓடி முதல் முனையை அடைவது) கொடுக்கவில்லை. ஆனால் நாலு பேரை ‘வாக்’கில், அதாவது தவறான பந்துகளால் அடிக்காமலே முதல் முனைக்கு, அனுப்பியதில் 69 பந்து ஆகிவிட்டது. அவ்வளவுதான், வெளியே கூப்பிட்டுவிட்டார்கள். மே மாதமாக இருந்திருந்தால் ஹிட் கொடுக்காத பிட்சரை எந்த மேனேஜரும் அந்த இடத்தில் எடுத்திருக்க மாட்டார். அடுத்த இன்னிங்ஸிலேயே டாட்ஜர்ஸ் ரன் எடுக்க ஆரம்பித்து 4-1 என்று வென்றது. கேலிக்கூத்து என்னவென்றால், கணக்கில் சேரும் இரண்டு ஆட்டங்களை ஆடிவிட்டு வீடு திரும்பும் அணிகள் மறுபடியும் பயிற்சி ஆட்டங்கள் ஆடுகின்றன. அப்புறம்தான் மிச்சம் 160.

இந்த விலையைக் குறைக்க அணிகளுக்குக் கூடுதல் ஆட்களை அழைத்துப்போக அனுமதி உண்டு. ஆனாலும் விலை விலைதான். ஆகவே கேள்வி இதுதான்: இவ்வளவு கொடுத்துப் போகிற ஊரில் பதிலுக்கு என்ன கிடைக்கிறது?

டோக்கியோ

நேர்மையாகச் சொன்னால் மற்ற ஊர்களுக்கும் டோக்கியோவுக்கும் போட்டியே இல்லை. 1872-இல் ஹொரேஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் தன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆட்டம் அங்கே ஒன்றரை நூற்றாண்டாக வேரோடியிருக்கிறது. 1934-இல் அமெரிக்க நட்சத்திரம் பேப் ரூத் வந்து ஆடிவிட்டுப் போனார்; 1936-இல் தொழில்முறை லீக் பிறந்துவிட்டது. பள்ளி மாணவர்களின் கோஷியன் போட்டியையே நாடு முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்து பார்க்கிற ஜனங்கள். அவர்களுக்கு பேஸ்பாலை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

அமெரிக்க லீக் அங்கே போகும்போது அவர்கள் பார்க்க வருவது அமெரிக்காவை அல்ல, தங்கள் பிள்ளையை. 2004-இல் நியூயார்க் யாங்கீஸ் வந்தபோது ஹிடெகி மட்சுயி அதே டோக்கியோ டோமில் யோமியுரி ஜயன்ட்ஸுக்காக ஆடியதை விட்டுவிட்டுப் போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இரண்டாவது ஆட்டத்தில் அவர் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்சர் மாதிரி) அடித்தார். யாங்கீஸ் 12-1 என்று வென்றது. 2008-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்காக முதல் பந்தை வீசியவர் டைசுகே மட்சுசாகா. 2012-இல் இச்சிரோ சுசூகி ஒரே ஆட்டத்தில் நான்கு ஹிட் அடித்தார்.

2019-ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இச்சிரோவுக்கு அப்போது 45 வயது. முந்தைய ஆண்டு மே மாதத்திலிருந்தே ஆட்டத்தை நிறுத்திவிட்டு சியாட்டில் மரினர்ஸ் அணியில் ஆலோசகராக இருந்தவரை, டோக்கியோவுக்காக மறுபடியும் அணியில் சேர்த்தார்கள். ஆட்ட நியாயப்படி அது சரியில்லைதான். இளம் வீரர் ஒருவருக்குப் போக வேண்டிய இடம். ஆனால் இரண்டாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் அவர் களத்தை விட்டு வெளியே நடந்தபோது டோம் முழுவதும் எழுந்து நின்றதைப் பார்த்தவர்கள் அந்த வாதத்தை எடுக்க மாட்டார்கள். அன்று முதல் பந்து வீசிய யூசெய் கிகுச்சிக்கு அதுதான் மேஜர் லீக்கில் முதல் ஆட்டம். இச்சிரோவைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆட்டம் 12 இன்னிங்ஸ் இழுத்து 5-4 என்று முடிந்தது. அதற்குப் பிறகும் கூட்டம் கலையவில்லை. அவர் திரும்பவும் களத்துக்கு வந்து கையசைத்துவிட்டுப் போனார். அமெரிக்காவில் 3,089 ஹிட் அடித்த ஒருவரின் கடைசி ஆட்டத்தை சியாட்டிலில் வைக்காமல் அங்கே வைத்ததைத் தவறு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

2025-இல் எல்லாம் இன்னும் பெரிதாகிவிட்டது. இமனாகாவுக்கு எதிரே டாட்ஜர்ஸின் யோஷினோபு யமாமோட்டோ: சீசனின் தொடக்க ஆட்டத்தில் இரு பக்கமும் ஜப்பானிய பிட்சர்கள் தொடங்கியது அதுவே முதல் முறை. அடுத்த நாள் அதே டாட்ஜர்ஸின் ரோகி சசாகியின் அறிமுகம், கூடவே ஷோஹெய் ஓட்டானியின் ஹோம் ரன். டிவியில் பார்த்தவர்கள் ஜப்பானில் மட்டும் இரண்டு கோடிக்கும் மேல். அமெரிக்காவில் சாதாரணமாக ஒரு மேஜர் லீக் ஆட்டத்துக்கு இந்தக் கூட்டத்தைக் கனவில்கூடப் பார்க்க முடியாது.

வசதிகளும் குறைவில்லை. 1988-இல் திறந்த டோமுக்குக் கூரை இருப்பதால் மழை பயமில்லை. 42 ஆயிரம் பேர் உட்காரலாம். பேஸ்பாலுக்கென்றே இருக்கிற களம் என்பதால் புதிதாக மண் கொட்ட வேண்டாம்.

சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. அங்கே மாலை 7:10-க்குத் தொடங்கினால் நியூயார்க்கில் காலை 6:10, லாஸ் ஏஞ்சலிஸில் அதிகாலை 3:10. தன் அணியின் முதல் ஆட்டத்தைப் பார்க்க லாஸ் ஏஞ்சலிஸ் ரசிகர் அலாரம் வைத்து எழுந்திருக்க வேண்டும். (சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் அது பிற்பகல் 3:40. நம் ஊர்க்காரர்கள் மேஜர் லீக்கைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. லீக் நமக்காக நேரம் குறிக்கவில்லை என்பது வேறு விஷயம்.)

சில்லறைத் தகராறுகளும் உண்டு. 2008-இல் பயணத்துக்கு வரும் பயிற்சியாளர்களுக்கு 40 ஆயிரம் டாலர் கொடுப்பதாகச் சொன்னது இல்லை என்று ஆனதும், ரெட் சாக்ஸ் வீரர்கள் ஒரு பயிற்சி ஆட்டத்தையே நிறுத்திவைத்துவிட்டார்கள். பணம் உறுதியான பிறகுதான் களம் இறங்கினார்கள், விமானமும் ஏறினார்கள். 2003-இல் மரினர்ஸும் ஓக்லாண்ட் ஏஸும் டோக்கியோ போக வேண்டியிருந்தது. ஈராக் போர் மூண்டதால் பயணமே ரத்து. இவ்வளவு தூரத்தில் ஏற்பாடு செய்தால் உலகத்தின் தலைவலியும் சேர்ந்தே வரும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2008, 2012, 2019 மூன்று முறையும் போன அணி ஓக்லாண்ட் ஏஸ். வெளிநாட்டில் உள்ளூர் அணியாக ஆடுகிற அணி தன் ஊரில் இரண்டு நாள் டிக்கெட் வசூலை விட்டுக்கொடுக்கிறது. ஓக்லாண்டின் பழைய மைதானம் எப்படியும் பாதி காலியாகத்தான் கிடந்தது. விட்டுக்கொடுக்க அவர்களுக்குப் பெரிதாக எதுவும் இருந்திருக்காது என்பது என் யூகம். மரினர்ஸுக்கு வேறு காரணம்: இச்சிரோ இருந்தார், 2016 வரை அணியின் பெரும்பங்கு நிண்டெண்டோவின் அமெரிக்க நிறுவனத்திடம் இருந்தது.

சியோல்

காகிதத்தில் பார்த்தால் டோக்கியோவுக்கு இருக்கிற எல்லாப் பலமும் சியோலுக்கும் உண்டு. 1982 முதல் தொழில்முறை லீக், ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தனித்தனிப் பாட்டு வைத்துப் பாடும் ரசிகர் கூட்டம், 1994-இல் மேஜர் லீக்கின் முதல் கொரிய வீரராகி பார்க் சான்-ஹோ திறந்துவிட்ட கதவு. 2024 மார்ச்சில் டாட்ஜர்ஸும் சான் டியேகோ பாட்ரேஸும் அங்கே மோதியபோது சடங்குக்கான முதல் பந்தை எறிய வந்தவரும் பார்க்தான். பாட்ரேஸில் கிம் ஹா-சியோங் இருந்தார். அந்த கோச்சியோக் ஸ்கை டோம் அமெரிக்கா போவதற்கு முன் அவர் ஆடிய சொந்த மைதானம்.

ஆட்டங்களும் சுவையாகவே இருந்தன. முதல் ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் தரையோடு வந்த பந்து ஒன்று பாட்ரேஸின் ஜேக் குரோனென்வொர்த்தின் கையுறை வலையைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. டாட்ஜர்ஸ் அந்த இன்னிங்ஸில் நாலு ரன் எடுத்து 5-2 என்று வென்றது. மறுநாள் யமாமோட்டோவின் அறிமுகம்: ஒரு இன்னிங்ஸில் ஐந்து ரன். பாட்ரேஸ் 15-11 என்று பழிதீர்த்தது.

ஆனால் உலகம் அந்த வாரத்தை நினைவில் வைத்திருப்பது இதற்காக அல்ல. முதல் ஆட்டம் முடிந்த கையோடு ஓட்டானியின் மொழிபெயர்ப்பாளர் இப்பெய் மிசுஹாராவை டாட்ஜர்ஸ் வேலையை விட்டுத் தூக்கியது. சூதாட்டக் கடனுக்காக ஓட்டானியின் கணக்கிலிருந்து கோடிக்கணக்கில் திருடிய வழக்கில் பிறகு அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைத்தண்டனை பெற்றார். சியோல் என்ன செய்யும், பாவம்.

சியோலை நான் தள்ளிவைப்பதற்குக் காரணம் மைதானம். கோச்சியோக் டோமில் 16 ஆயிரம் பேர் சொச்சம்தான் உட்காரலாம். மார்ச்சில் சியோல் குளிரும் என்பதால் கூரை இல்லாமல் ஆடுவதும் ஆபத்து. ஜம்சிலில் புதிய டோம் கட்டும் திட்டம் இருக்கிறது. அது எழும்பி நிற்கட்டும், சியோலை டோக்கியோவுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பேசலாம்.

சிட்னி

கிரிக்கெட் பார்க்கிற நமக்கு இதுதான் கண்ணுக்கு விருந்து. 2014 மார்ச்சில் சிட்னி கிரிக்கெட் மைதானத்தின் பழைய பெவிலியனுக்கு முன்னால் பிட்சர் மேடு கட்டி, அமெரிக்காவிலிருந்து களிமண் இறக்கி, டாட்ஜர்ஸும் அரிசோனா டயமண்ட்பேக்ஸும் ஆடின. அந்த மைதானத்துக்கு இது புதிதும் இல்லை: சரியாக நூறு ஆண்டுக்கு முன், 1914-இல், உலகச் சுற்றுப்பயணம் வந்த சிகாகோ வொயிட் சாக்ஸும் நியூயார்க் ஜயன்ட்ஸும் அங்கே ஆடியிருக்கின்றன. இரண்டு நாளும் 38 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம். 3-1, 7-5 என்று டாட்ஜர்ஸ் இரண்டையும் அள்ளிக்கொண்டது.

கடிகாரத்தையும் சாமர்த்தியமாகக் கையாண்டார்கள். இரண்டாவது ஆட்டத்தை ஞாயிறு பகல் ஒரு மணிக்கு வைத்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் அப்போது சனி மாலை ஏழு மணி. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து பார்க்கிற நேரம். டோக்கியோ மாலை ஆட்டத்தால் தர முடியாத வசதி இது.

அப்படியென்றால் ஏன் வேண்டாம்? தூரம். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பதினைந்து மணி நேரம் பறக்க வேண்டும். டாட்ஜர்ஸ் பிட்சர் சாக் கிரெய்ங்கி, ஆஸ்திரேலியா போவதில் தனக்குக் கொஞ்சமும் ஆர்வமில்லை என்று முன்பே வெளிப்படையாகச் சொன்னார். கெண்டைக்கால் வலியால் அங்கே அவர் வீசவும் இல்லை. முதல் ஆட்டத்தில் அழகாக வீசிய கிளேட்டன் கெர்ஷா திரும்பி வந்ததும் மேல்முதுகுத் தசை வலியில் படுத்து, மே முதல் வாரம் வரை வெளியே இருந்தார். நீண்ட பயணமும் சீக்கிரத் தொடக்கமும்தான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. திரும்பி வந்து அந்த ஆண்டு 21 ஆட்டம் வென்று மிகச் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் உலகின் தலைசிறந்த பிட்சரை ஆறு வாரம் இழந்த ஓர் அணியின் மேலாளரிடம் போய் மறுபடியும் சிட்னி என்று சொல்லிப் பாருங்கள்.

அதைவிட முக்கியமானது வேர். ஆஸ்திரேலியா 2004 ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய நாடுதான். லீக்கும் அங்கே பணம் போட்டது. ஆனால் அந்த 38 ஆயிரம் பேரில் பெரும்பாலோர் வந்தது வேடிக்கை பார்க்க. 2014-க்குப் பிறகு ஒரு சீசனும் அங்கே தொடங்கவில்லை. முதல் ஆட்டம் என்ற பெரிய காசைக் கொடுத்து வாங்க வேண்டிய பொருள் அதுவல்ல. சீசன் முடிந்து நவம்பரில், அங்கே கோடை தொடங்கும்போது, நட்சத்திர அணி ஒன்றைக் கூட்டிப்போனால் இதே கூட்டம் வரும். யாருடைய தோளும் கணக்கில் வராது.

லண்டனை இந்தப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. 2019-இல் யாங்கீஸும் ரெட் சாக்ஸும் 17-13, 12-8 என்று ரன் மழை பொழிந்த ஆட்டங்கள் ஜூன் கடைசியில் நடந்தன. மார்ச் மாத லண்டன் குளிரில் திறந்த மைதானத்தில் யார் உட்காருவார்கள்?

தெற்கே இரண்டு வழி

இதையெல்லாம் தொடங்கிவைத்த ஊர் மான்டெர்ரே. 1999 ஏப்ரல் 4-இல் கொலராடோ ராக்கீஸ் அங்கே பாட்ரேஸை 8-2 என்று வென்றது. ராக்கீஸில் மெக்சிகோவின் வின்னி காஸ்டியா இருந்தார். டெக்சாஸ் எல்லைக்குப் பக்கத்து ஊர், நேர வித்தியாசம் அதிகம் கிடையாது, பிட்சரின் உறக்கமும் கெடாது. இப்போது லீக்கின் பார்வை மெக்சிகோ சிட்டி பக்கம் போய்விட்டது. அது கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். காற்று மெலிந்திருப்பதால் பந்து பறக்கும். 2023 ஏப்ரலில் பாட்ரேஸும் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸும் ஆடிய முதல் ஆட்டம் 16-11. பார்க்க ஜாலியாக இருக்கும், ஆனால் இன்னும் கை இறுகாத மார்ச் மாத பிட்சரை அங்கே நிறுத்துவது கொடுமை. மெக்சிகோ என்றால் மான்டெர்ரேதான் என் தேர்வு.

ஆனால் அதைவிட ஒரு படி மேலே வைப்பேன் சான் ஹுவானை. 2001 ஏப்ரல் 1-இல் டொரான்டோ புளூ ஜேஸ் அங்கே டெக்சாஸ் ரேஞ்சர்ஸை 8-1 என்று தோற்கடித்தது. அலெக்ஸ் ரோட்ரிக்ஸ் 25.2 கோடி டாலர் ஒப்பந்தம் போட்ட பிறகு ரேஞ்சர்ஸுக்காக ஆடிய முதல் ஆட்டம் அது. ஆனால் கூட்டம் கத்தியது சொந்த மண்ணின் பிள்ளைகளான இவான் ரோட்ரிக்ஸுக்கும் கார்லோஸ் டெல்காடோவுக்கும். மைதானத்தின் பெயரே ஹிராம் பித்தோர்ன், 1942-இல் மேஜர் லீக்கில் ஆடிய முதல் புவேர்ட்டோ ரிக்கோக்காரர். மான்ட்ரியால் எக்ஸ்போஸ் 2003, 2004 ஆண்டுகளில் தன் உள்ளூர் ஆட்டங்களில் ஆண்டுக்கு 22-ஐ அங்கே ஆடியது. ஆகவே அந்த இடத்துக்கு மேஜர் லீக் ஆட்டம் நடத்தப் பழக்கம் உண்டு.

மயாமியிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணம். அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட தீவு என்பதால் பாஸ்போர்ட் வேலையும் இல்லை. மாலை ஏழு மணிக்குத் தொடங்கினால் மார்ச் கடைசியில் நியூயார்க்கிலும் அதே ஏழு மணி. மழை குறைந்த மாதம். அணிகள் பத்து நாள் முன்னால் போக வேண்டியதில்லை. மற்றவர்கள் தொடங்குகிற அதே வாரத்தில் தொடங்கலாம். பிட்சரின் தோளுக்குத் தனி விலை கிடையாது என்பதுதான் இதில் பெரிய லாபம்.

குறை என்று பார்த்தால், மைதானம் 20 ஆயிரம் பேருக்குள்தான் கொள்ளும், பழசும்கூட. சியோலை அதே காரணத்துக்காக ஒதுக்கிவிட்டு இதை ஏற்பது முரண் என்று நீங்கள் சொல்லலாம். சியோலுக்குப் போக பத்து நாளும் இரண்டு பிட்சர்களின் தயார்நிலையும் செலவாகிறது. இங்கே அந்தச் செலவே இல்லையே. 2016-இல் ஜிகா வைரஸுக்குப் பயந்து அங்கே நடக்க வேண்டிய ஆட்டங்களை மயாமிக்கு மாற்றினார்கள், 2020-இல் நியூயார்க் மெட்ஸும் மயாமி மார்லின்ஸும் ஆட வேண்டியிருந்த தொடர் கோவிட்டில் போயிற்று. அந்தத் தீவுக்கு லீக் இன்னும் ஒரு தொடர் பாக்கி வைத்திருக்கிறது.

ஆகவே

ஊரிலேயே தொடங்குவது எப்போதும் ஒரு வழிதான். அதில் தப்பே இல்லை. ஆனால் வெளியே போகவே கூடாது என்று சொல்கிறவர்கள் பயணக் களைப்பைக் காட்டிப் பயமுறுத்துவது எடுபடாது. டாட்ஜர்ஸ் 2024-இல் சியோலில் தொடங்கியது, 2025-இல் டோக்கியோவில் தொடங்கியது, இரண்டு ஆண்டும் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றது. 2000-இல் கப்ஸும் மெட்ஸும் டோக்கியோ போனபோது, ஊர் திரும்பியதும் கீழ்நிலையான மைனர் லீக்குக்குப் போவார் என்று நினைத்திருந்த பென்னி அக்பயானி 11-ஆவது இன்னிங்ஸில் கிராண்ட் ஸ்லாம் (மூன்று முனையிலும் ஆள் நிற்கும்போது அடிக்கும் ஹோம் ரன், நாலு ரன்) அடித்து மெட்ஸுக்கு 5-1 வெற்றி தந்தார். அந்த ஆண்டு மெட்ஸும் உலகத் தொடர் வரை போனது.

ஓட்டானியும் யமாமோட்டோவும் சசாகியும் ஆடுகிற இந்தக் காலத்தில் நாலைந்து ஆண்டுக்கு ஒரு முறை டோக்கியோ போதும். அதற்கு மேல் போனால் டிக்கெட் விற்கும், ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைக்கிற ரசிகரின் பொறுமை தீர்ந்துவிடும். போகிற அணியும் மாற வேண்டும், டாட்ஜர்ஸையே மறுபடியும் அனுப்பக் கூடாது. இடைப்பட்ட ஆண்டுகளில் மெட்ஸையும் மார்லின்ஸையும் சான் ஹுவானுக்கு அனுப்பலாம். மெட்ஸின் பிரான்சிஸ்கோ லிண்டோர் பிறந்த காகுவாஸ் அங்கிருந்து அரை மணி தூரம். 2018-இல் வேறு அணிச் சட்டையில் அதே மைதானத்தில் அவர் ஹோம் ரன் அடித்ததை அந்த ஊர் மறந்திருக்காது. உள்ளூர் அணியாக மார்லின்ஸே இருக்கட்டும். மயாமியில் இரண்டு நாள் வசூல் குறைவதால் அவர்களுக்குப் பெரிய நஷ்டம் வராது.